புகார் சொன்னவரிடமே சாவி

போன இதழில் தைவானின் ஆட்ரி டாங் பற்றிக் கால் பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். புரோகிராமர், திருநங்கை, 35 வயதில் அமைச்சர் ஆனவர். இதைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கே இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை, திட்டியும் சில வந்திருக்கின்றன, அவற்றையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் இந்த முறை யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: 'அமைச்சர் ஆனார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தேர்தலில் நின்றாரா? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவரை யார் கூப்பிட்டு நாற்காலி கொடுத்தது?

பதில்: தேர்தலில் நிற்கவில்லை. தைவானில் அமைச்சராவதற்கு எம்.பி.யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, பிரதமர் பரிந்துரைத்து அதிபர் நியமித்தால் போதும். 2016 அக்டோபர் 1-ஆம் தேதி ஆட்ரி பதவியேற்றபோது அதிபர் சாய் இங்-வென், பிரதமர் லின் சுவான். பதவியின் பெயர் 'துறை இல்லாத அமைச்சர்'. கேட்டால் ஒப்புக்குக் கொடுத்தது மாதிரி இருக்கும், ஆனால் பல அமைச்சகங்களைக் கோத்து ஒரு வேலையை நகர்த்துகிற இடம் அது.

கதை அதற்கு இரண்டரை வருடம் முன்பே தொடங்கிவிட்டது. 2014 மார்ச்சில், சீனாவுடனான சேவை வர்த்தக ஒப்பந்தத்தை நாடாளுமன்றக் குழுவில் ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் 30 விநாடியில் 'பரிசீலித்தாகிவிட்டது' என்று அறிவித்தார். மறுநாள், மார்ச் 18 இரவு, மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏப்ரல் 10 வரை எழுந்திருக்கவில்லை. சூரியகாந்தி இயக்கம் என்று அதற்குப் பெயர். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது, அடித்துக்கொள்கிறார்கள், உடைக்கிறார்கள் என்று வதந்தி வேறு. அந்த நேரத்தில் நெட்வொர்க் கேபிளை இழுத்துக்கொண்டு போனவர்களில் ஆட்ரியும் ஒருவர். உள்ளே பேசுவதை நேரலையாக வெளியே திரையில் காட்டினார்கள், தன்னார்வலர்கள் உட்கார்ந்து பேச்சை எழுத்தாக்கிக்கொண்டே இருந்தார்கள். வதந்திக்கு வேலை குறைந்துபோனது. கோஷம் போட ஆயிரம் பேர் இருந்தார்கள், வயர் இழுக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

அந்த நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் ஆளுங்கட்சி மோசமாகத் தோற்றது, பிரதமர் ராஜினாமா செய்தார். டிசம்பரில் ஜாக்லின் சாய் என்ற அமைச்சர், கூடி உட்கார்ந்து கோடு (கம்ப்யூட்டர் நிரல்) எழுதும் இந்தக் கூட்டத்தாரின் இடத்துக்கே வந்து, சட்டங்களைப் பற்றி மக்களிடம் ஆன்லைனில் பேச ஒரு தளம் கட்டித் தருவீர்களா என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள், நாடாளுமன்றத்தை முற்றுகையிட்டவர்களுக்கு வயர் இழுத்த கூட்டம் இது. ஆட்ரி அவருக்குத் 'தலைகீழ் வழிகாட்டி' ஆனார். அதாவது வயதில் சின்னவர் பெரியவருக்குச் சொல்லிக்கொடுப்பது. அங்கே இரண்டு வருடம் உள்ளிருந்து பழகிய பிறகுதான் அமைச்சர் பதவி வந்தது. திடீரென்று யாரும் கதவைத் தட்டிவிடவில்லை.

பதவியேற்குமுன் மூன்று நிபந்தனை வைத்தார் என்பதைப் போன முறை எழுத மறந்துவிட்டேன். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்வேன். நான் நடத்தும் கூட்டங்களில் பேசுவது எல்லாம் எழுத்தாக வெளியாகும். யாருக்கும் உத்தரவு போட மாட்டேன், யாரிடமும் உத்தரவு வாங்க மாட்டேன். மூன்றையும் ஒப்புக்கொண்டார்கள்! எனக்கு ஆச்சரியம் அவர் கேட்டதில் இல்லை.

கேள்வி: நானும் இருபது வருடமாக ஐ.டி.யில் இருக்கிறேன். கோடு எழுதுவதற்கும் அரசாங்கம் நடத்துவதற்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஆறு பேர் டீமையே சமாளிக்க முடியவில்லை.

பதில்: உங்கள் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை.

பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நீங்கள் எழுதியிருக்கலாம், உங்கள் வயதுக்கு நிச்சயம் அடியாவது வாங்கியிருப்பீர்கள். பெர்லுக்கென்று சீபான் என்ற பொதுக் கிடங்கு உண்டு, அதில் ஆட்ரி போட்ட தொகுப்புகள் மட்டும் நூற்றுக்கும் மேல். 2005 பிப்ரவரியில், பெர்ல் 6 என்று பல வருடமாகப் பேசிக்கொண்டே இருந்த மொழியை எடுத்து, ஹாஸ்கல் என்ற வேறொரு மொழியில் 'பக்ஸ்' என்ற பெயரில் எழுத ஆரம்பித்தார். ஆட்ரி அந்த வேலையை நடத்திய விதம்தான் முக்கியம். பொதுவாக ஒரு திட்டத்தில் கோடை நேரடியாக மாற்றுகிற உரிமை லேசில் கிடைக்காது, பல மாதம் பேட்ச், அதாவது திருத்தங்கள், அனுப்பி, பெரியவர்கள் பார்த்து, திருப்தியானால்தான். பக்ஸில் அது தலைகீழ். அரட்டை அறையில் யாராவது வந்து "இது வேலை செய்யவில்லையே" என்று முனகினால், அந்த ஆளுக்கே உரிமையைக் கொடுத்துவிடுவார்கள். கேட்காதவர்களுக்கும் கொடுத்தார்கள். போய் நீயே சரி பண்ணு, கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம், பழைய பிரதி எங்கும் போய்விடாது.

புகார் சொன்னவரிடமே சாவியைக் கொடுப்பது. ஆட்ரியின் அரசு வாழ்க்கை முழுக்க இந்த ஒரே வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. (நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த அலுவலகத்தில் சுவரில் ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. வெள்ளையடிப்பதற்காகக் கழற்றி உடைத்தபோது உள்ளே ஒரே ஒரு சீட்டு. இந்தப் பெட்டிக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று நான் எழுதிப் போட்டது.)

2017 மே மாதத்தைப் பாருங்கள். தைவானில் வருமான வரி தாக்கல் செய்யும் மாதம். ஆப்பிளின் மேக் கணினி வைத்திருந்தவர்கள் வரி மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வடிவமைப்பாளர் ஒருவர், அரசின் 'ஜாயின்' என்ற தளத்தில், இந்த மென்பொருள் வெடித்துப்போகிற அளவுக்கு மோசம் என்ற ரீதியில் ஒரு மனு போட்டார். பின்னாலேயே ஆயிரக்கணக்கில் திட்டு. சாதாரணமாக என்ன நடக்கும்? 'தங்கள் கருத்து உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு பதில் வரும், அவ்வளவுதான். இங்கே, திட்டியவர்களையே கூப்பிட்டார்கள். நிதி அமைச்சகத்தின் ஆட்கள், மென்பொருள் எழுதிய நிறுவனம், புகார் சொன்னவர்கள் எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, வரி கட்டுகிறவர் முதல் திரையிலிருந்து கடைசித் திரை வரை எந்த இடத்தில் எரிச்சலாகிறார் என்று சுவரில் சீட்டு ஒட்டி வரிசையாகப் பார்த்தார்கள். அடுத்த வருடத்துக்கான வரி மென்பொருள் அந்தச் சுவரிலிருந்து வந்தது.

இது ஒரு தடவை நடந்த கூத்தாக முடியாமலிருக்க, ஒவ்வொரு அமைச்சகத்திலும் இதற்கென்றே அதிகாரிகளை வைத்தார்கள். பங்கேற்பு அதிகாரி என்று பெயர். ஜாயின் தளத்தில் ஒரு மனுவுக்கு 60 நாளில் 5,000 பேர் கையெழுத்துப் போட்டால் சம்பந்தப்பட்ட துறை பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் ஆறு பேர் விஷயத்துக்கு வருகிறேன். அதில் அதிகம் முனகுகிறவர் யார்? அவருக்கு ரிலீஸ் செய்கிற உரிமை இருக்கிறதா?

கேள்வி: கொரோனா சமயத்தில் மாஸ்க் எங்கே கிடைக்கும் என்று மேப் போட்டவர் இவர்தானே?

பதில்: பாதி சரி. முதல் மேப்பைப் போட்டவர் ஆட்ரி இல்லை, தைனான் நகரத்து இளைஞர் ஒருவர். 2020 பிப்ரவரி தொடக்கத்தில், எந்தக் கடையில் மாஸ்க் இருக்கிறது என்று ஜனங்களே பதிவு செய்கிற மாதிரி ஒரு மேப்பை எழுதி வெளியிட்டார். கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. கூகுள் மேப்பைப் பயன்படுத்தியதற்கான கட்டணம் இரண்டே நாளில் சுமார் 6 லட்சம் தைவான் டாலருக்கு ஏறிவிட்டது. பயந்துபோய் நிறுத்திவிட்டார்.

ஆட்ரி செய்தது அதற்கு அடுத்த கட்டம். பிப்ரவரி 6 முதல் மாஸ்க்கை மருந்தகங்களில் காப்பீட்டு அட்டையைக் காட்டி வாங்க வேண்டும் என்று பங்கீடு வந்தது. ஒருவருக்கு வாரத்துக்கு 2, விலை ஒன்று 5 தைவான் டாலர். அட்டையைத் தேய்க்கும்போதே இருப்புக் கணக்கு அரசுக்கு வந்துவிடும் இல்லையா, அந்தக் கணக்கை அப்படியே 30 விநாடிக்கு ஒருமுறை பொதுவில் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆப் எழுதலாம். நூற்றுக்கும் மேல் எழுதினார்கள், பார்வையற்றவர்களுக்குக் குரலில் சொல்கிற மாதிரிகூட.

இதில் எனக்குப் பிடித்தது சொதப்பின இடம். மருந்தகக்காரர்கள் காலையிலேயே வரிசையில் நிற்பவர்களுக்கு எண் எழுதின சீட்டைக் கொடுத்து, அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு, சாவகாசமாகப் பிறகு தேய்த்தார்கள். சீட்டெல்லாம் தீர்ந்துபோயிருக்கும், மேப்போ 'இருப்பு உண்டு' என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பி வந்தவர் சண்டைக்கு நிற்பார். 'ஆப்பை நம்பாதீர்கள்' என்று சில மருந்தகங்களில் எழுதியே ஒட்டிவிட்டார்கள். மருந்தகக்காரர்களிடமே போய் என்ன செய்யலாம் என்று கேட்டு, சீட்டு தீர்ந்ததும் மேப்பிலிருந்து கடையை மறைத்துக்கொள்ள அவர்கள் கைக்கே ஒரு வழி செய்து கொடுத்தார்கள். பார்த்தீர்களா, மறுபடி அதே சாவி.

அந்த ஏப்ரலில் ஒரு சின்னப் பையன், பள்ளிக்கு இளஞ்சிவப்பு மாஸ்க் போட்டுக்கொண்டு போனால் கிண்டல் பண்ணுவார்கள் என்று அழுதிருக்கிறான். வீட்டில் 1922 என்ற உதவி எண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். அடுத்து நடந்த செய்தியாளர் கூட்டத்தில் சுகாதார அமைச்சர் சென் ஷி-சுங் முதல் மேடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் இளஞ்சிவப்பு மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இது ஆட்ரியின் வேலை இல்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கேள்வி: ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறோம் என்பதெல்லாம் விளம்பரம். நாலு பேர் நாலு விதமாகக் கத்துவார்கள், கடைசியில் அதிகாரி நினைத்ததுதான் நடக்கும்.

பதில்: கத்துவார்கள் என்பது சரி. அதனால்தான் பதில் போடுகிற பொத்தானையே எடுத்துவிட்டார்கள்.

2015-ல் ஊபர் டாக்ஸி பிரச்சினை. டாக்ஸிக்காரர்கள் ஒரு பக்கம், ஊபர் ஓட்டுகிறவர்கள், பயணிகள் இன்னொரு பக்கம். ஜாக்லின் சாய் கேட்ட தளம் 'வி-தைவான்' என்று அதற்குள் தயாராகியிருந்தது. அதில் போலிஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள் (போலீஸ் இல்லை, போலிஸ், என் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு முறையும் திருத்தப் பார்க்கிறது). அதில் நீங்கள் ஒரு வாக்கியம் எழுதலாம். மற்றவர் எழுதின வாக்கியத்துக்கு ஆம், இல்லை, தெரியாது, இந்த மூன்றில் ஒன்றைத்தான் அழுத்த முடியும். எதிர்த்து ஒரு வரி எழுத முடியாது. யாரெல்லாம் ஒரே மாதிரி அழுத்துகிறார்களோ அவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து மென்பொருள் படம் போட்டுக் காட்டும், நீங்கள் எந்தக் கூட்டத்தில் நிற்கிறீர்கள் என்றும் தெரியும்.

சண்டை போட இடம் இல்லாததால் ஜனங்கள் வேறொரு வேலையில் இறங்கினார்கள். இரண்டு கூட்டமும் 'ஆம்' அழுத்துகிற மாதிரி வாக்கியம் எழுதப் பார்த்தார்கள். சில வாரத்தில் அப்படிச் சில வாக்கியங்கள் மேலே வந்தன. பயணிக்குக் காப்பீடு இருக்க வேண்டும், வண்டி பதிவு செய்திருக்க வேண்டும், ஓட்டுநருக்கு முறையான உரிமம் வேண்டும் என்கிற மாதிரி. இதை ஊபர், டாக்ஸி சங்கம், அமைச்சகம் மூன்றையும் நேரலையில் உட்காரவைத்துக் கேட்டார்கள். 2016-ல் ஆப் வழியாக டாக்ஸி ஓட்டப் புது விதி வந்தது. ஊபர் அப்புறமும் அரசோடு மோதியது, 2017 பிப்ரவரியில் கடையைக் கட்டிக்கொண்டு போய், ஏப்ரலில் வாடகைக் கார் நிறுவனங்களோடு சேர்ந்துகொண்டு திரும்பி வந்தது. எல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை.

நீங்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. வி-தைவானில் வரும் முடிவு யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அமைச்சருக்கு மனம் இருந்தால் எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் இல்லை. ஊபர் மாதிரி ஆன்லைனில் இருக்கிறவர்களைப் பற்றிய விஷயத்துக்கு அது பொருந்தியது, எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

கேள்வி: தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். அமைச்சராக இருந்து அவர் சொதப்பவே இல்லையா?

பதில்: 2022 ஆகஸ்ட் 27-ஆம் தேதி தைவானில் டிஜிட்டல் துறைக்கென்று தனி அமைச்சகம் தொடங்கினார்கள், முதல் அமைச்சர் ஆட்ரி. 2024 மே 20 வரை இருந்தார். அந்தக் காலத்தில் அதிகம் திட்டு வாங்கியது ஆன்லைன் மோசடிக்காக. பிரபலங்களின் முகத்தைப் போட்டுப் பங்குச்சந்தை ஆசை காட்டும் போலி விளம்பரங்கள் சமூக ஊடகத்தில் குவிந்தன, இவ்வளவு பெரிய அமைச்சகம் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று எதிர்க்கட்சி கேட்டது, நியாயமான கேள்விதான். தட்டிக்கொடுத்தே வேலை வாங்குகிற பாணி திருடனிடம் செல்லாது.

அரசு அனுப்பும் எஸ்.எம்.எஸ். எல்லாம் 111 என்ற ஒரே எண்ணிலிருந்து வரும்படி செய்தார்கள், அப்போதுதான் போலியை அடையாளம் காண முடியும். 2024 மார்ச்சில் அதே எண்ணிலிருந்து 2 லட்சம் பேருக்குச் செய்தி அனுப்பி, விருப்பம் சொன்னவர்களில் 447 பேரைத் தேர்ந்தெடுத்து, பத்துப் பத்துப் பேராக வீடியோவில் உட்காரவைத்து, இந்த விளம்பரங்களை என்ன செய்யலாம் என்று பேசவைத்தார்கள். மோசடித் தடுப்புச் சட்டம் அந்த ஜூலையில் நிறைவேறியபோது ஆட்ரி பதவியில் இல்லை.

கேள்வி: அம்மாவாகக் கேட்கிறேன். என் மகன் ஒன்பதாம் வகுப்பு. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 'ஆட்ரி 14 வயதில் ஸ்கூலை விட்டார், நானும் விடுகிறேன், வீட்டில் கோடிங் படித்துக்கொள்கிறேன்' என்கிறான். உங்களால் வந்த வினை!

பதில்: மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. 14 வயதில் விட்டது உண்மை. அதற்கு முன் நடந்ததையும் தம்பிக்குச் சொல்லுங்கள். மூன்று பாலர் பள்ளி, ஆறு தொடக்கப் பள்ளி மாறியவர் அவர். பொறாமையில் கூடப் படித்தவர்கள் அடித்திருக்கிறார்கள். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, 12 வயதில்தான் அறுவை சிகிச்சை, அதுவரை வேகமாக ஓடினாலோ கோபப்பட்டாலோ மயக்கம் வந்துவிடும். தூங்கப் போனால் எழுந்திருப்போமா என்று தெரியாத பிள்ளை, அன்றன்றைக்குத் தெரிந்ததை அன்றைக்கே எழுதி வைத்துவிடும் பழக்கம் அப்போது வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் பேசுவதையெல்லாம் வெளியிடுவேன் என்று அமைச்சராகுமுன் சொன்னதன் வேர் அங்கே இருக்கிறது.

பள்ளியை விடுவதற்கும் சும்மா போய் நிற்கவில்லை. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களோடு தான் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்ததை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனார். இந்த ஆராய்ச்சியெல்லாம் இணையத்திலேயே இருக்கிறது, பாடப்புத்தகம் அவர்களைவிடப் பத்து வருடம் பின்தங்கியிருக்கிறது, நான் இங்கே உட்கார்ந்து என்ன செய்ய என்று கேட்டார். தலைமை ஆசிரியர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாராம். கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கிற நாடு, பெற்றோருக்கு அபராதம் வரும். அதைச் சமாளிப்பதையும் தலைமை ஆசிரியரே பார்த்துக்கொண்டார்.

அப்புறம் வீட்டைப் பாருங்கள். அப்பா அம்மா இருவரும் பத்திரிகையாளர்கள். பிள்ளை பள்ளியில் படுகிற பாட்டைப் பார்த்து, அம்மா வேறு சில பெற்றோருடன் சேர்ந்து 1994-ல் ஒரு மாற்றுப் பள்ளியையே தொடங்கினார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஆட்ரி தாளில் கீபோர்டு வரைந்து, அதில் விரலால் தட்டி, பதில் என்ன வரும் என்று பென்சிலால் எழுதிக்கொண்டு புரோகிராம் கற்றவர். உங்கள் மகனிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து ஒரு வாரம் பாருங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. பள்ளியை விட்ட அந்த ஆள், பின்னால் தைவானின் 12 ஆண்டு அடிப்படைக் கல்விக்குப் பாடத்திட்டம் எழுதிய குழுவில் போய் உட்கார்ந்தார். அது 2019-ல் நடைமுறைக்கு வந்தது. விட்டுப் போன பள்ளியைச் சரி பண்ணப் போனார் என்று வேண்டுமானால் தம்பியிடம் சொல்லிப் பாருங்கள், கேட்கிறானா என்று தெரியாது.

கேள்வி: திருநங்கை என்று எழுதினீர்கள். அவள் என்பதா, அவர் என்பதா? அமைச்சர் ஆனதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: முதலில் என்னைத் திருத்திக்கொள்கிறேன். திருநங்கை என்று நான் அவசரத்தில் எழுதிவிட்டேன். பிறந்தபோது ஆண் என்று பதிவானவர், 2005 கடைசியில், 24 வயதில் தன் மாற்றத்தை அறிவித்து ஆட்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டார், சீனப் பெயர் தாங் ஃபெங், ஃபெங் என்றால் அவர்கள் புராணத்துப் பறவை. ஆனால் ஆண் கட்டம், பெண் கட்டம் எதிலும் தன்னை அடைக்க விருப்பமில்லாதவர். இரண்டு பருவ வயதைக் கடந்தவன், இரண்டு அனுபவமும் என்னுடையதுதான் என்று பேசுகிறவர். பார்த்தீர்களா, 'கடந்தவன்' என்று எழுதிவிட்டேன், கடந்தவர். எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்பதுதான் அவர் பதில். சீனத்தில் பேச்சில் அவனும் அவளும் ஒரே 'டா'தான், எழுத்தில்தான் வித்தியாசம். நமக்கு அந்தக் கவலையும் இல்லை, மரியாதையாக 'அவர்' என்றால் முடிந்தது.

அமைச்சரானபோது நிரப்பிய படிவத்தில் பால் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். கட்சி என்ற இடத்திலும் அதே.

சம்பந்தம் உண்டா என்றால், அதற்காகப் பதவி கொடுக்கவில்லை, அதற்காகப் பதவி மறுக்கவும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர் என்பதால், எதிரெதிர் கூட்டங்களைப் பார்த்தால் ஒன்றில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்ற அவசரம் தனக்கு இல்லை என்கிறார். ஊபர் கதையில் அது தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள்.

கேள்வி: அக்கா, நானும் புரோகிராமர்தான், திருநங்கை. ஆபீஸில் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. எல்லோரும் ஆட்ரி கட்டுரையை எனக்கு அனுப்பி 'நீயும் இப்படி வரணும்' என்கிறார்கள். படிக்கும்போது சந்தோஷத்தைவிடக் களைப்பாக இருக்கிறது.

பதில்: அந்தக் களைப்பு எனக்குப் புரிகிறது மாதிரி இருக்கிறது, முழுக்கப் புரியும் என்று சொல்ல மாட்டேன். கட்டுரை அனுப்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2005-ல் ஆட்ரி அறிவித்தபோது மாதச் சம்பளத்துக்கு ஒரு மேலாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் இல்லை. பதின்வயதிலேயே நிறுவனம் தொடங்கிக் காசு பார்த்தவர், பெர்ல் உலகத்தில் அவர் கோடு ஓடாத மூலை குறைவு. 33 வயதில் தனியார் வேலையிலிருந்து ஓய்வு என்று அறிவிக்க முடிந்தவர். அந்த மெத்தை எல்லோர் கீழேயும் இருக்காது. அமைச்சர் ஆகிற அளவுக்குத் திறமை இருந்தால்தான் மரியாதை என்றால், அது மரியாதையே இல்லை.

தைவானிலும் எல்லாம் திறந்து கிடக்கவில்லை. ஆசியாவில் முதலில் 2019-ல் தன்பால் திருமணத்தைச் சட்டமாக்கிய நாடு அது. அதே நாட்டில் அடையாள அட்டையில் பாலை மாற்ற, மனநல மருத்துவர் இருவரின் சான்றும், உறுப்புகளை நீக்கிய அறுவை சிகிச்சைச் சான்றும் வேண்டும் என்று 2008-ல் உள்துறை அமைச்சகம் விதி போட்டது. 2021-ல் தைபே உயர் நிர்வாக நீதிமன்றம், வழக்குப் போட்ட ஒருவருக்கு அறுவை சிகிச்சைச் சான்று இல்லாமலே மாற்றித் தரச் சொன்னது, ஆனால் அந்த ஒருவருக்கு மட்டும். அமைச்சரின் படிவத்தில் 'இல்லை' என்று எழுத முடிகிற நாட்டில், வெளியே வரிசையில் நிற்பவருக்கு நிலைமை அது.

கடிதத்தின் பின்பக்கத்தில், பழைய கமிட்டுகளில் (பதிவான கோடு மாற்றங்களில்) பழைய பெயர் வருவது முள்ளாகக் குத்துகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு என்னால் உதவ முடியும். கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் மெயில்மேப் என்று ஒரு கோப்பு உண்டு, பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து ரெப்போவின் (கோடு இருக்கும் கிடங்கின்) மேல்மட்டத்தில் வைக்க வேண்டும். அதில் ஒரே வரி: புதுப் பெயர், புது மின்னஞ்சல், அடுத்து பழைய மின்னஞ்சல். ஷார்ட்லாக், பிளேம் என்ற கட்டளைகள் தாமாகவே புதுப் பெயரைக் காட்டும், வெறும் லாகில் காட்டவில்லையென்றால் அதற்கொரு செட்டிங் இருக்கிறது. ஆனால் பழைய வரலாறு அழியாது, கோப்பைத் திறந்து பார்க்கிறவர்களுக்குப் பழைய மின்னஞ்சல் தெரியும், அதில் பழைய பெயர் இருந்தால் அதுவும் தெரியும். இதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். வரலாற்றையே திருத்தி எழுதலாம், ஆனால் டீமில் எல்லோரும் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும், சண்டை வரும். உங்கள் டீம் லீடிடம் நீங்கள் கேட்க வேண்டாம், ஒரு மாற்றமாகவே அனுப்பிவிடுங்கள். அவர் ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் போதும்.

ஒப்புதல் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: ஆட்ரியின் ஐ.க்யூ. 180 என்று படித்தேன். நிஜமா?

பதில்: அது என் உயரம் என்று அவரே சொல்லிவிட்டார். சென்டிமீட்டரில்.